கியர் விழாத ஞாயிறு

தங்கை காவ்யாவின் வளைகாப்புக்காகப் பூந்தமல்லி கிளம்பிய நாகவல்லி, வாசலிலிருந்து காரை ரிவர்ஸ் எடுத்துத் தெருவுக்குக் குறுக்கே நிறுத்தினாள். முன்னால் போக ஃபர்ஸ்ட் கியர் போட்டாள். கியர் விழுந்த மாதிரி கைக்குத் தெரியவில்லை. கிளட்சை விட்டதும் வண்டி முன்னால் போகாமல் இன்னும் பின்னால் போனது. எதிர் அப்பார்ட்மெண்டின் கேட்டை முட்டுவதற்கு ஒரு முழம் இருக்கையில் பிரேக்கை மிதித்தாள். அதற்குள் பின்சக்கரம், குழாய் போடத் தோண்டி அரைகுறையாக மூடியிருந்த பள்ளத்தில் இறங்கிவிட்டது.

பக்கத்து சீட்டில், மடியில் வளையல் பெட்டியோடு உட்கார்ந்திருந்த அவள் கணவன் அழகேசன் கேட்டான்: "இன்னா ஆச்சு?"

"கியரு உழ மாட்டேங்குது. பாரு, தொட்டிலு மாதிரி ஆடுது."

அழகேசன் கியர் குச்சியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினான். எதிர்ப்பே இல்லாமல் அது வந்து போனது. அவன் மண்ணூர்பேட்டையில் ஒரு கம்பெனியில் மிஷின் ஓட்டுகிறவன். கார் ஓட்டத் தெரியாது. நாகவல்லிதான் கற்றுக்கொண்டு, பழைய கார் ஒன்றையும் பார்த்து வாங்கினாள். ஆனால் வண்டிக்கு ஏதாவது என்றால் பானெட்டைத் திறக்கும் உரிமை தனக்குத்தான் என்று அழகேசன் நினைத்திருந்தான்.

"கேப் போட்டுப் பூடலாமா?" என்றான்.

நாகவல்லி போனில் பார்த்தாள். முகூர்த்த நாள். ஒருவன் வருகிறேன் என்றான், உடனே கேன்சல் செய்தான். இன்னொருவனும் அப்படியே. டிக்கியில் புளியோதரை, எலுமிச்சை, தேங்காய், தயிர் என்று நாலு தூக்கு நிறையச் சாதம் இருந்தது. அம்மா இல்லாத வீடு. முதல் வளையல் அக்காதான் போட வேண்டும் என்று காவ்யா சொல்லியிருந்தாள்.

அப்போது அப்பார்ட்மெண்ட் கேட்டுக்குள்ளிருந்து ஹாரன் சத்தம் கேட்டது. இரண்டாவது மாடி நிர்மல். மதுரைக்காரன், ஐ.டி. வேலை. பொங்கல் சமயத்தில், 'கேட் முன்னால் நிறுத்தாதீர்கள்' என்று நாகவல்லியின் கார் கண்ணாடியில் தாள் ஒட்டியவன் அவன்தான். அதை அழகேசன் சுரண்டி எடுத்ததிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை.

நிர்மல் தன் காரிலிருந்து இறங்கி வந்தான். "வண்டிய எடுங்கண்ணே. ஸ்டேஷனுக்குப் போகணும்."

"எடுக்க முடிஞ்சா எடுக்க மாட்டமா? கியரு பூட்ச்சி" என்றான் அழகேசன்.

"தள்ளலாமா?"

"பள்ளத்துல கீது. தள்ளினா வராது."

நிர்மல் குனிந்து பின்சக்கரத்தைப் பார்த்தான். பிறகு வாட்ச்சைப் பார்த்தான். "சரி, பானெட்டத் திறங்க" என்றான்.

அழகேசனுக்கு அது பிடிக்கவில்லை. இருந்தாலும் திறந்தான். ஏர் ஃபில்டர் டப்பாவைக் கழற்றி வைத்ததும் கீழே கியர்பாக்ஸ் தெரிந்தது. நிர்மல் போன் டார்ச்சை அடித்தான். கியர்பாக்ஸ் மேல் ஒரு சின்ன இரும்புக் கை, அதன் நுனியில் கோலிக்குண்டு போல ஒரு குமிழ். அந்தக் குமிழைக் கவ்விப் பிடித்திருக்க வேண்டிய, கியர் குச்சியிலிருந்து வரும் கேபிளின் வளையம் தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. வளையத்துக்குள் இருந்த 'புஷ்' என்ற பிளாஸ்டிக் உறை சூட்டில் காய்ந்து, அப்பளம் போல நொறுங்கிப்போயிருந்தது.

"இங்க நாம கையால தள்ளினா கியர் விழும்ல?" என்றான் நிர்மல்.

"அதான் நானும் நென்ச்சேன்" என்றான் அழகேசன். நினைக்கவில்லை.

நாகவல்லி கிளட்சை மிதித்து, கியர் குச்சியை இடப்பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டாள். அழகேசன் கையை உள்ளே விட்டு இரும்புக் கையை இழுத்தான். ஒன்றும் நடக்கவில்லை. நிர்மல் வேறு பக்கம் தள்ளச் சொன்னான். அதற்கும் அசையவில்லை. பிறகு இரண்டு பேரும் ஆளுக்கொரு விரலைக் கொடுத்து அழுத்தியபோது 'டக்' என்று சத்தம் வந்தது.

"உழுந்துச்சு" என்றாள் நாகவல்லி.

அவள் ஸ்டார்ட் செய்தாள். ஆண்கள் இருவரும் பின்னால் போய்த் தள்ளினார்கள். பின்சக்கரம் நிர்மலின் வெள்ளைச் சட்டையில் சேறடித்துவிட்டுப் பள்ளத்திலிருந்து ஏறியது. நாகவல்லி தன் வீட்டுச் சுவரோரம் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினாள்.

கேட்டுக்கு முன்னால் வழி கிடைத்துவிட்டது. இனி நிர்மல் போகலாம். அவன் தன் காரில் போய் உட்கார்ந்தான். அழகேசன் கேபிள் வளையத்தைக் குமிழில் வைத்துச் சணல் கயிற்றால் கட்டுவதைக் கண்ணாடி வழியே பார்த்தான். கயிறு நழுவியது. மறுபடி கட்டினான். மறுபடி நழுவியது. நிர்மல் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினான்.

"அண்ணே, கயிறு நிக்காது. கம்ப்யூட்டர் வயர் கட்டுற டை வீட்ல கிடக்கு. இருங்க, எடுத்துட்டு வாரேன்."

"ஸ்டேஷனுக்கு நேரமாவல?"

"லோக்கல் ட்ரெயின் என்னைக்கு சரியா வந்திருக்கு?"

டை போட்டுக் கட்டினார்கள். ஃபர்ஸ்ட் விழுந்தது. செகண்ட் விழுந்தது. மூன்றாவதற்கு வளையம் கழன்று விழுந்தது. வளையம் பெரிது, குமிழ் சிறிது. நடுவில் கெட்டியாக ஏதாவது வேண்டும். அழகேசன் பழைய செருப்பை அறுத்துப் பார்த்தான். நிர்மல் பேனா மூடியை வைத்துப் பார்த்தான், அது உடைந்தது.

பட்டுப்புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த நாகவல்லி வீட்டுக்குள் போனாள். போன மாதம் மாற்றிய பழைய கேஸ் டியூபோடும் ஒரு சொம்பு வெந்நீரோடும் திரும்பி வந்தாள்.

"இத்த ஒரு துண்டு அறுத்து வெந்நீல போடு. இளகும்."

விரற்கடை அளவு ஆரஞ்சு ரப்பர் வெந்நீரில் ஊறியது. இளகியதும் அழகேசன் அதை நசுக்கி வளையத்துக்குள் திணித்தான். நிர்மல் குமிழில் தேங்காய் எண்ணெய் தடவினான். இருவரும் சேர்ந்து அழுத்த, வளையம் குமிழில் போய் உட்கார்ந்தது. மேலே இரண்டு டை போட்டு இறுக்கினார்கள். நாகவல்லி ஐந்து கியரையும் வரிசையாகப் போட்டுப் பார்த்தாள். எல்லாம் விழுந்தன.

அழகேசன் கிரீஸ் அப்பிய கருப்புக் கையோடு நிர்மலின் முதுகில் தட்டினான். சட்டை ஏற்கெனவே பாழ் என்பதால் நிர்மல் கவலைப்படவில்லை.

அந்த நேரத்தில் தெருமுனையிலிருந்து ஒரு ஆட்டோ வந்து அவர்கள் பக்கத்தில் நின்றது. முருங்கைக்காய்க் கட்டோடு ஓர் அம்மாள் இறங்கினாள். நிர்மலின் மாமியார் பூங்காவனம், அரக்கோணத்திலிருந்து வருகிறாள்.

"இன்னா மாப்ளே, ஸ்டேஷன்ல நின்னுகினே கீறேன். ஃபோனு அடிச்சா எடுக்க மாட்டேன்றீங்க."

"அத்தை... டார்ச் அடிச்சுக்கிட்டு இருந்தேன். சைலண்ட்ல இருந்திருக்கு."

நாகவல்லி முன்னால் வந்தாள். "எங்களாலதாம்மா. வளகாப்புக்குக் கெளம்பினோம், வண்டி மக்கர் பண்ணிச்சு. இவருதான் கூட நின்னு சரி பண்ணாரு."

"வளகாப்பா? யாருக்கு?"

"எந்தங்கச்சிக்கு. பூந்தமல்லில."

பூங்காவனம் முருங்கைக்காயை மருமகன் கையில் கொடுத்தாள். "அப்ப இன்னாத்துக்கு நிக்கிறீங்க? நானும் வர்றேன். ரெண்டு வளையல் போட்டுட்டு வர்றேன். புள்ளத்தாச்சிய வாழ்த்தக் கூப்பிட்டா வேணான்னுவாங்களா?"

யாரும் கூப்பிட்டிருக்கவில்லை. ஆனால் நாகவல்லிக்கு அந்த அம்மாளைப் பார்த்த நிமிடத்திலேயே பிடித்துவிட்டது. "வாங்கம்மா" என்று கதவைத் திறந்தாள்.

நிர்மல் ஓடிப்போய்ச் சட்டை மாற்றிக்கொண்டு மனைவி ரேஷ்மாவோடு வந்தான். "நாங்க பின்னாலயே வர்றோம்ணே. வழியில டியூப் கழண்டுச்சுன்னா சாதத்தையும் உங்களையும் எங்க வண்டியில ஏத்திக்கலாம்."

இரண்டு கார்களும் வானகரம் வழியாகப் போயின. டிரங்க் ரோட்டில் மெட்ரோ வேலைக்கான தடுப்புகளுக்கு நடுவே வண்டிகள் ஊர்ந்தன. ஃபர்ஸ்ட், செகண்ட், மறுபடி ஃபர்ஸ்ட். ஒவ்வொரு முறை கியர் மாற்றும்போதும் அழகேசன் மூச்சைப் பிடித்துக்கொண்டான். கரையான்சாவடிக்கு முன்னால் வண்டி குலுங்கி நின்றது. பின்னாலிருந்து நிர்மல் கையில் டை கட்டோடு ஓடிவந்தான்.

"கழண்டுச்சா?"

"இல்லப்பா" என்றாள் நாகவல்லி. "கிளட்ச்ச சீக்கிரம் உட்டுட்டேன், ஆஃப் ஆயிடுச்சு. அவ்ளோதான்."

பூங்காவனம் பின்சீட்டில் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். நிர்மலும் சிரித்துக்கொண்டே தன் காருக்கு ஓடினான்.

நல்ல நேரம் முடிவதற்குள் போய்ச் சேர்ந்தார்கள். வாசலையே பார்த்துக்கொண்டு மணையில் உட்கார்ந்திருந்த காவ்யாவின் முகம் அக்காவைக் கண்டதும் மலர்ந்தது. நாகவல்லி முதல் வளையலைப் போட்டாள். அவளுக்குப் பிறகு ஒருவர் ஒருவராக வந்தார்கள். பூங்காவனம் சந்தனம் பூசி, இரண்டு கையிலும் வளையல் போட்டுவிட்டு, யாரும் கேட்காமலே ஒரு தாலாட்டு பாடினாள். கூடத்தில் பேச்சு அடங்கியது. பாடி முடித்ததும் பெண்கள் இன்னொன்று பாடச் சொன்னார்கள்.

"யாருக்கா அவங்க?" என்று காவ்யா மெல்லக் கேட்டாள்.

"எதிர் ஊட்டுக்காரரோட மாமியாரு."

"நல்லா பாடறாங்க. பேரு வைக்கிறதுக்கும் கூட்டினு வா."

பின்கட்டுக் குழாயடியில் அழகேசனும் நிர்மலும் எலுமிச்சைத் தோலை வைத்துக் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். மசி போகவில்லை. இலையில் உட்கார்ந்தபோது இருவருக்கும் ரேஷ்மா ஸ்பூன் கொண்டுவந்து வைத்தாள்.

"சனிக்கெழம லீவு தான?" என்று கேட்டான் அழகேசன். "புது கேபிள் வாங்கினு வந்துர்றேன். மாட்டிடலாம்."

"காலையிலேயே ஆரம்பிச்சிருவோம்ணே" என்றான் நிர்மல், ஸ்பூனில் புளியோதரையை அள்ளிக்கொண்டே.