ஹர்ஷினி கொண்டுவந்த காகிதக் குழாய்கள்

1
வசந்தத்தை வரவேற்று ஒரு கதை எழுதேன் என்று தோழி கேட்டதில் ஆரம்பித்த வினை இது. எங்கள் பக்கம் பங்குனியில் வேம்பு பூக்கும், வெயில் மண்டையைப் பிளக்கும். வரவேற்க என்ன இருக்கிறது? இருந்தாலும் எழுதினேன்:

‘பள்ளித் தோட்டத்தில் வண்ணத்துப்பூச்சிகள் சிறகடிக்க...’

[அடித்துவிட்டேன். நானே நம்பவில்லை.]

2
பட்டாசு ஆலைகள் நிறைந்த விஸ்வநத்தம் பக்கத்துப் பள்ளியில் ஞானசுந்தரி டீச்சர், விதை போட ஏதாவது கொண்டுவாருங்கள் என்று மூன்றாம் வகுப்பில் சொன்னார். சிரட்டை வந்தது, தயிர் டப்பா வந்தது. ஹர்ஷினி ஒரு பை நிறையப் பட்டாசுக் குழாய்கள் கொண்டுவந்தாள். கனத்த காகிதம், கத்தரி விதைக்கு அளவாக இருந்தது. டீச்சர் பாராட்டிக்கொண்டே ஒன்றுக்குள் விரலை விட்டார். விரல் வெள்ளியாக மினுங்கியது.

(குறிப்பு: அது வெடிமருந்தில் சேர்க்கும் அலுமினியப் பவுடர். வெறும் குழாய் சுற்றும் வேலை இங்கே வீட்டுக்கு வீடு உண்டு, தப்பில்லை. குழாய்க்குள் மருந்து செலுத்துவது பட்டாசுக் கம்பெனியில்தான் நடக்க வேண்டும். வீட்டில் செய்தால் போலீஸ் வரும். அதற்கு முன்பே தீ வந்துவிடலாம்.)

3
சாயங்காலம் டீச்சர் ஹர்ஷினி வீட்டுக்குப் போனார். அவள் அம்மா கருப்பம்மாள் வாசலிலேயே நின்றாள்.

“வாங்க டீச்சர். பிள்ளை ஏதும் சேட்டை பண்ணுச்சா?”

“நல்லாப் படிக்கிறா. குழாய்ல பவுடர் இருந்துச்சே, அதான்...”

“நான் வேலை பாக்குற கம்பெனில கழிச்சுப் போட்டது. செடி வைக்கத்தானன்னு அள்ளிட்டு வந்தேன். நீங்க என்ன நெனச்சீக?”

காப்பி வாசலுக்கே வந்தது. ஜன்னல்கள் சாத்தியிருந்தன. வெயிலுக்கும் சாத்துவார்கள்தானே. கருப்பம்மாளை உருவாக்கியதே நான். என்னையும் அவள் உள்ளே விடவில்லை.

4
முடிவு ஒன்று: டீச்சர் புகார் சொல்கிறார். கருப்பம்மாளைக் கூட்டிப்போகிறார்கள். வீட்டில் வெறும் குழாய்தான் இருந்தது என்று பிறகு தெரிய...

[வேண்டாம். தாயில்லாத வீட்டில் அந்தப் பிள்ளை என்ன செய்யும்?]

முடிவு இரண்டு: டீச்சர் சொல்லவில்லை. கத்தரி பூக்கிறது. ஒருநாள் வகுப்பில் ஹர்ஷினி இடம் மட்டும்...

[இதை எழுதக் கை வரவில்லை. பயமாக இருக்கிறது.]

5
விதை முளைவிட்ட அன்று மற்ற பிள்ளைகள் தோட்டத்தில் கூத்தடித்துக்கொண்டிருந்தபோது, ஹர்ஷினி டீச்சரிடம் வந்தாள்.

“டீச்சர், இனிமே எங்க வீட்டுக்கு வர்றதா இருந்தா முன்னாடியே சொல்லிட்டு வரணுமாம். எங்கம்மா சொல்லச் சொல்லுச்சு.”

வீட்டைப் பெருக்கி வைக்கவா, எதையாவது எடுத்து மறைக்கவா? டீச்சருக்குத் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. டீச்சர் கையில் போன் இருக்கிறது. பள்ளி விடப்போகிறது, ஹர்ஷினி பையை மாட்டிக்கொண்டாள். இவளை அந்த வீட்டுக்கு அனுப்பலாமா? நீங்கள் சொல்லுங்கள்.