சரிவில் நிற்கிற ஷூ

பஸ் ஓட்டுகிறவள் சறுக்கி விழுந்தால் அது ஊருக்கே செய்தி. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் விழுந்தாள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கிற பூங்காவில், மேட்டின் சரிவில், அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க, வீசப்போன தட்டு ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். டிப்போவில் அவளை எல்லோரும் டிரைவரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். நீளமான வண்டியைச் சந்துக்குள் திருப்பி, நின்றுகொண்டு வருகிறவர் கையில் இருக்கிற டீ தளும்பாமல் நிறுத்துகிறவள். அவளே மல்லாந்து கிடந்தால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? எல்லோரும் சிரித்தார்கள். எழுந்து பின்பக்கத்தைத் தட்டிக்கொண்டு அவளும் சிரித்தாள். ஆனால் மற்றவர்கள் நிறுத்திய பிறகும் விடாமல் சிரித்துக்கொண்டிருந்தவர் அவள் புருஷன். அதுதான் அவளுக்குச் சுருக்கென்றது.

ஆட்டத்தின் பெயர் டிஸ்க் கோல்ஃப். கோல்ஃப் மாதிரிதான், பந்துக்குப் பதிலாகப் பறக்கிற பிளாஸ்டிக் தட்டு, குழிக்குப் பதிலாகச் சங்கிலி தொங்கும் இரும்புக் கூடை. மரங்களுக்கு நடுவே தட்டை வீசி, விழுந்த இடத்திலிருந்து மறுபடி வீசி, கூடையில் போட வேண்டும். வீச்சு எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. அந்தப் பூங்காவில் ஒரு வழக்கம் உண்டு: வீட்டுக்கு ஒரு ஜோடி. ஆள் பெயரை யாரும் கேட்பதில்லை, வீட்டுப் பெயரோடு சரி. இவர்கள் 'பச்சை கேட் வீடு'. முதலில் பெயர் கொடுத்தவர்கள் அண்ணனும் தம்பியும்தான், அதாவது டிரைவரம்மாவின் புருஷனும் கொழுந்தனும். ஞாயிற்றுக்கிழமை காலையில் போர்வையை விலக்குவது அவர்களுக்கு மலையைப் புரட்டுகிற வேலையாக இருந்ததால், சீக்கிரமே அந்தப் பக்கம் போவதை விட்டுவிட்டார்கள். காலி இடத்தில் போய் நின்றவர்கள் இரண்டு மருமகள்கள்.

ஸ்டியரிங்கைச் சுற்றிச் சுற்றி உரமேறிய தோள் டிரைவரம்மாவுக்கு. அவள் வீசினால் தட்டு மரத்தைத் தாண்டிப் போகும். மாடியில் குடியிருக்கும் அவள் ஓரகத்தி முடிவெட்டும் கடை வைத்திருக்கிறவள், கத்தரிக்கோல் பிடித்த கை, கூடைக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் குறி தப்பாது. ஒருத்தி தூரத்தையும் ஒருத்தி கிட்டத்தையும் பார்த்துக்கொள்ள, பச்சை கேட் வீடு இறுதி ஆட்டம் வரை வந்துவிட்டது. வந்த பிறகுதான் வீட்டு ஆண்களுக்குத் தூக்கம் கலைந்தது.

விழுந்த அன்று சாயங்காலமே புருஷன் ஆரம்பித்தார்.

"கால்ல பிடிமானம் இல்லாதவ எதுக்கு மேட்டுல ஏறணும்? அடுத்த வாரம் நானும் தம்பியும் ஆடுறோம். வீட்டுப் பேர்லதானே இருக்கு. யார் ஆடினா என்ன?"

"இத்தனை நாள் போர்வைக்குள்ள இருந்த கால் இப்பதான் வெளிய வருதாக்கும்?"

"உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். இன்னொரு தடவ விழுந்து எதையாவது ஒடச்சுக்கிட்டா வண்டிய யார் ஓட்டுறது?"

"என் கால்ல ஒரு கோளாறும் இல்ல. ஷூதான் சரியில்ல."

"அப்ப நல்ல ஷூவா வாங்கிக் காட்டு. அப்புறம் பாக்கலாம்."

பார்க்கலாமாம். வண்டி ஓட்ட லைசென்ஸ் கொடுத்த அதிகாரிகூட அவளிடம் இப்படிப் பேசியதில்லை. இருந்தாலும் சரி என்று தலையாட்டினாள். ஷூ அவளுக்கு வேண்டித்தான் இருந்தது.

சனிக்கிழமை டியூட்டி முடிந்த கையோடு ஓரகத்தியைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனாள். வேண்டுமென்றேதான் அந்த நேரம். நாளெல்லாம் பெடலை மிதித்த கால் சாயங்காலம் கொஞ்சம் வீங்கி இருக்கும். காலையில் வாங்குகிற ஷூ மத்தியானத்துக்கு மேல் கடிக்கும்.

கடைக்காரர் சிரித்த முகம். "வாக்கிங்கா மேடம்?" என்றார்.

"டிஸ்க் கோல்ஃப்."

"அதுக்கும் நடக்கத்தானே செய்வாங்க," என்று சொல்லிவிட்டு ஊதா நிறத்தில் ஒன்றை எடுத்து வந்தார். பஞ்சு மாதிரி இருந்தது. டிரைவரம்மா உட்கார்ந்து மாட்டிக்கொண்டு, குதிகாலைத் தரையில் ஊன்றி, முன்பாதத்தை மெதுவாக அழுத்தினாள், விட்டாள், மறுபடி அழுத்தினாள். அவள் முகத்தில் திருப்தி தெரிந்தது.

"அக்கா," என்றாள் ஓரகத்தி, "பிரேக் பிடிக்குதா?"

டிரைவரம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. குனிந்து தன் காலையே பார்த்தாள். எத்தனையோ வருஷமாக அவள் ஷூ வாங்குகிற விதம் இதுதான். டிப்போவில் எல்லோரும் இப்படித்தான் வாங்குவார்கள். நாற்காலியில் உட்கார்ந்து, குதிகாலை ஊன்றி, பெடல் காலுக்குத் தெரியுமா என்று பார்ப்பார்கள். மெல்லிசாக, அடிப்பக்கம் வழவழவென்று, தோலோடு தோலாக ஒட்டினால் அதுதான் நல்ல ஷூ. போன வாரம் அவள் விழுந்தது அந்த நல்ல ஷூவில்தான். ஈரப் புல்லில் பெடல் எங்கே இருக்கிறது?

"அட மக்கு," என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு ஊதாவைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்தாள். போட்டு வந்த பழைய ஜோடியை எடுத்துக் கடைக்காரர் முன்னால் கவிழ்த்தாள். வலது ஷூ பார்க்க நன்றாகத்தான் இருந்தது. இடது ஷூவின் மூக்கு தேய்ந்து, உள்ளே துணி தெரிந்தது.

"ஒரு பக்கம் மட்டும் தேயுதுன்னா நடையில ஏதோ கோளாறு மேடம்," என்றார் அவர். "டாக்டர்கிட்ட காட்டுறது நல்லது."

"நடையில இல்ல அண்ணே, ஆட்டத்துல. ஓடி வந்து வலது கால ஊன்றி அதுமேலயே திரும்பணும். அப்ப இடது கால் விரல் தரையில இழுபடும். எல்லாருக்கும் தேயும். எனக்கு வேண்டியது என்னன்னா, மூக்குல கெட்டியா ரப்பர் இருக்கணும். அடியில மண்ணக் கவ்வுற மாதிரி பல் இருக்கணும். நான் திரும்புறப்ப கால் உள்ளேயே வழுக்கிப் பக்கவாட்டுல சாயக் கூடாது. விரல் அஞ்சும் தாராளமா இருக்கணும்."

"அந்த மாதிரி லேடீஸ்ல வராது மேடம். அதெல்லாம் ஜென்ட்ஸ்."

"காலுக்கு மீசையா மொளைக்குது? எடுங்க அண்ணே."

ஓரகத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். கடைக்காரர் எடுக்கப் போனார்.

அவளுடைய பாதம் அகலம். சின்ன வயசில் வீட்டில் அவளை 'வாத்து' என்பார்கள். பெண் பிள்ளைக்கு இவ்வளவு பெரிய காலா என்று ஒவ்வொரு கடையிலும் ஒரு குரல் கேட்கும், அந்தக் குரலுக்குப் பயந்து அவளும் விரல்களைச் சுருட்டிக்கொண்டு நிற்பாள். கல்யாணத்தன்று போட்டிருந்த செருப்பில் சுண்டுவிரல் வெளியே பிதுங்கிக்கொண்டு நின்றது. யார் யாருக்கோ அழகாக இருப்பதற்காக அவள் விரல் எதற்காகச் செத்துச் செத்துப் பிழைக்க வேண்டும்? நினைக்க நினைக்க இப்போது அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

வந்த பெட்டிகளில் ஒன்று பலகை மாதிரி மடங்கவே இல்லை. இன்னொன்றில் திரும்பும்போது கால் முன்னால் போய்ப் பெருவிரல் நகம் இடித்தது. கடைசியாக மண் நிறத்தில் ஒன்று வந்தது, மூக்கில் தடித்த ரப்பர், அடியில் டிராக்டர் டயர் மாதிரிப் பற்கள். கனமான காலுறையோடு மாட்டினாள். விரல்களை விரித்துப் பார்த்தாள், விரிந்தன. வாசலில் கால்மிதியை எடுத்துவிட்டுத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். ஈரம் பளபளத்தது. அவள் நேராக அங்கே போனாள்.

"மேடம், மேடம், புதுச நனைக்கக் கூடாது!"

"அப்ப நனையாத புல்லு எங்க இருக்குன்னு சொல்லுங்க, அங்க போய் ஆடுறோம்."

சொல்லிவிட்டுப் பின்னால் போய், ஓடி வந்து, வலது காலை ஈரத்தில் ஊன்றிச் சுழன்றாள். கிறீச் என்று சத்தம் வந்தது. அவள் அசையவில்லை. ஒற்றைக் காலில் ஷூ போட்டபடி உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், "எனக்கும் அதையே ஒண்ணு காட்டுங்க," என்றார். கடைக்காரர் இன்னொரு பெட்டி எடுக்க உள்ளே போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளுக்கு ஒரு நடை ஓட்ட வேண்டியிருந்தது. அந்தப் பல் வைத்த ஷூவில் பெடலை மிதிக்க முடியாது. அதனால் பழைய ஜோடியைப் போட்டுக்கொண்டு டிப்போவுக்குப் போனாள். புதிதைக் கதவருகே வைத்து, ஓரகத்தியைப் பூங்காவுக்குக் கொண்டுவரச் சொல்லியிருந்தாள். ராத்திரி மழை பெய்திருந்தது. வண்டியை விட்டுவிட்டு வேர்க்க விறுவிறுக்க அவள் மேட்டுக்கு வந்தபோது ஓரகத்தி தன் தட்டை மட்டும் வைத்துக்கொண்டு நின்றுகொண்டிருந்தாள்.

"அக்கா, ஷூ கதவுகிட்ட இல்ல. நீங்களே எடுத்துட்டுப் போயிட்டீங்கன்னு நெனச்சேன். இங்க வந்து பாத்தா..."

அவள் கை காட்டிய பக்கம் டிரைவரம்மா பார்த்தாள். இறுதி ஆட்டத்தின் முதல் வீச்சு அந்தச் சரிவிலிருந்துதான். அங்கே தட்டோடு நின்றுகொண்டிருந்தவர் அவள் புருஷன். பக்கத்தில் கொட்டாவி விட்டபடி கொழுந்தன். புருஷன் காலில் மண் நிற ஷூ.

அவளுக்குக் காது மடல் வரைக்கும் சூடேறியது. விறுவிறுவென்று போய் அவருக்கும் கூடைக்கும் நடுவில் நின்றாள்.

"கழட்டுங்க."

"என்னது?"

"ஷூவ."

அவர் அசடு வழிந்தார். "ஜென்ட்ஸ் ஷூதானே? எனக்கும் கிட்டத்தட்ட சரியாத்தான் இருக்கு. வீட்டு ஜோடி, வீட்டு ஷூ. நீ அப்படி ஓரமா நின்னு பாரேன்."

"நல்ல ஷூவா வாங்கிக் காட்டுன்னு சொன்னீங்க. வாங்கிக் காட்டிட்டேன். கழட்டுங்க."

"இங்கயா? எல்லாரும் பாக்குறாங்க."

"போன வாரம் நான் விழுந்தப்பவும் எல்லாரும்தான் பாத்தாங்க. நீங்க சிரிச்சீங்க."

ஆட்டத்தை நடத்துகிற விசில் மாமா, "பச்சை கேட்ல யாராச்சும் ரெண்டு பேர் நில்லுங்கப்பா, நேரமாகுது," என்றார்.

"நாங்க ரெண்டு பேர்தான்," என்று ஓரகத்தி சொன்னாள். தன் புருஷனைப் பார்த்து, "உங்களுக்குத் தனியாச் சொல்லணுமா?" என்றாள். கொழுந்தன் பாதிக் கொட்டாவியோடு ஒதுங்கினார்.

புருஷன் பெஞ்சில் உட்கார்ந்தார். அவர் பாதம் ஒடுக்கம். ஷூ தொளதொளவென்று இருந்ததால் கயிற்றை இறுக்கி முடிச்சுமேல் முடிச்சுப் போட்டிருந்தார். அவிழ்க்க நேரமானது. அத்தனை பேரும் காத்திருந்தார்கள். அவள் உதவிக்குக் குனியவில்லை.

தன் பழைய ஜோடியை உதறிவிட்டுப் புதிதை மாட்டிக்கொண்டாள். உள்ளே அவர் கால் சூடு இருந்தது, அது அவளுக்கு எரிச்சலாக இருந்தது. விரல்களை விரித்தாள். சரிவில் மண் வழவழவென்று கிடந்தது.

"அண்ணி," என்றார் கொழுந்தன் மெதுவாக, "இதுவும் வழுக்கிட்டா?"

"வழுக்கினா விழுவேன் தம்பி. விழுந்தாலும் இது என் முறைதான்."

புருஷன் பெஞ்சில் வைத்திருந்த தட்டை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். வலது கால் ஊன்றியது, திரும்பியது. இடது ஷூவின் மூக்கு ஈர மண்ணில் நீளமாகக் கோடு கிழித்தது. தோளிலிருந்து கிளம்பிய தட்டு மரங்களுக்கு மேல் ஏறி, வளைந்து, கூடையை ஒட்டின புல்லில் போய் இறங்கியது. அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். "இனிமே நான் பாத்துக்கறேன்க்கா!" என்று கத்திக்கொண்டே ஓரகத்தி தன் தட்டோடு சரிவில் இறங்கி ஓடினாள்.

டிரைவரம்மா திரும்பிப் பார்த்தாள். புருஷன் பெஞ்சுக்குப் பக்கத்தில் வெறும் காலுறையோடு, ஈரப் புல்லில் ஒரு காலை மாற்றி ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றார். பாவமாகத்தான் இருந்தது. அவள் போய்த் தன் பழைய ஜோடியை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"இதப் போட்டுக்கிட்டு வீட்டுக்குப் போங்க," என்றாள். "பாத்து இறங்குங்க. வழுக்கும்."