வெட்டுக்காக விட்ட பத்து விநாடி

அப்பா கடைசியாக என்னிடம் திட்டு வாங்கியது இங்கிலாந்தின் கிளீதார்ப்ஸ் கடற்கரையில், பிப்ரவரி மாதத்து ஒரு சனிக்கிழமை மத்தியானம். எனக்கு அப்போது பதினேழு வயது. கல்லூரியில் ஊடகவியல் பாடத்துக்காக ஒரு பாட்டுக்குப் படம் எடுக்க வேண்டியிருந்தது. பாட்டு எங்கள் வகுப்புப் பையன்கள் கட்டியது. காதலியைத் தொலைத்த கிழவன் ஒருவன் அலை ஓரத்திலிருந்து நடந்து வந்து, நின்று, நிமிர்ந்து பார்க்க வேண்டும். அப்பாவுக்கு ஐம்பத்தொன்றுதான். வேறு கிழவன் கிடைக்கவில்லை.

மீன் ஆலையில் போடும் மஞ்சள் கோட்டோடு வந்திருந்தார்.

"அந்தப் பொண்ணு ஏன் ஓடிப்போனான்னு இப்பதான் புரியுது. இந்தக் குளிர்ல இவன்கூட யாரு குடித்தனம் பண்ணுவா?"

"சிரிக்காதீங்கப்பா! நீங்க சோகமா இருக்கணும்."

"சோகமாத்தான் இருக்கேன் டைரக்டரம்மா. எட்டு தடவை நடந்தாச்சு. ஒரு பொட்டலம் சிப்ஸ்கூட வாங்கித் தரல நீ."

"இந்தத் தடவை ஒழுங்கா வந்தா ரெண்டு பொட்டலம். போங்க, போங்க!"

ஒன்பதாவது தடவை ஒழுங்காக வந்தது. மணலில் நான் கிழித்திருந்த கோட்டில் வந்து நின்று நிமிர்ந்தார். நடிப்பு முடிந்தவுடன் கேமராவை நிறுத்தக்கூடாது, மனசுக்குள் பத்து எண்ணிவிட்டுத்தான் நிறுத்த வேண்டும் என்பது எங்கள் ஆசிரியை அட்கின் சொல்லிச் சொல்லிப் பழக்கியது. படத்தை வெட்டித் தொகுக்கும்போது அந்த மிச்சம் கைகொடுக்கும். நான் எண்ணிக்கொண்டே பாட்டரி விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது அப்பா ஏதோ சொன்னார். காற்று பலமாக இருந்தது. என்னவென்று நான் கேட்கவில்லை. கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன்.

காருக்குள் உட்கார்ந்து சிப்ஸ் சாப்பிட்டோம். தன்னுடையதை முடித்துவிட்டு என்னுடையதிலும் கை வைத்தார்.

திங்கட்கிழமை மதியத்துக்குள் கல்லூரிக் கேமராவைத் திருப்பித் தர வேண்டும். உள்ளே இருக்கும் மெமரி அட்டையைச் சுத்தமாக அழித்துத்தான் தர வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த வாரம் கேமரா கிடையாது. கல்லூரிக் கணினியில் ஆளுக்குக் கொஞ்சம்தான் இடம். பாட்டுப் படத்துக்குக் கடற்கரைச் சத்தம் எதற்கு? அதனால் எல்லோருமே சத்தத்தை நீக்கி, படத்தைச் சுருக்கிப் போட்டுக்கொள்வோம். நானும் அப்படியே செய்தேன். வகுப்பில் முதலில் முடித்தது நான்தான். பெருமையாக இருந்தது.

புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு ஆலையில், ஐஸ் இயந்திரத்துக்குப் பக்கத்தில், அப்பா விழுந்தார். மாரடைப்பு. நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அம்மா அவருடைய பூட்ஸை ஒரு பிளாஸ்டிக் பையில் வைத்து மடியில் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மூன்று வாரம் கழித்துக் கல்லூரிக்குப் போனேன். அட்கின் மிஸ் என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்.

"உனக்கு அவகாசம் கேட்டு வாங்கலாம்மா. அவசரமே இல்ல."

"வேணாம் மிஸ். பாக்கணும்."

ஒன்பதாவது காட்சியைத் திறந்தேன். நடந்தார், நின்றார், நிமிர்ந்தார். அதற்குப் பிறகு, எண்ணுவதற்காக நான் விட்ட பத்து விநாடியில், நேராக என்னைப் பார்த்துப் பேசினார். பேசி முடித்துவிட்டு லேசாகச் சிரித்தார். நான் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். மாட்டிய பிறகுதான் ஞாபகம் வந்தது.

கருவி அறையில் இருந்த டெஸ் நான் படமெடுத்த ஆறாம் எண் அட்டையைத் தேடி எடுத்துத் தந்தார். அதற்குள் மூன்று குழு அதில் படம் எடுத்திருந்தது. அழிந்ததை மீட்கும் நிரல் ஒன்றைப் போட்டு மத்தியானம் முழுக்க முயன்றார். ஒரு கட்டத்தில் சத்தம் வந்தது. நான் பாய்ந்து குனிந்தேன்.

"ஏய் ட்ராய், ரத்தம் கழுத்துல இருக்கணும்டா, காதுல இல்ல!" ஒரு பெண் கத்தினாள். பின்னால் நாலைந்து பேர் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கீழ்வகுப்புப் பிள்ளைகள் எடுத்த பேய்ப்படம்.

"மன்னிச்சுக்கம்மா," என்றார் டெஸ்.

"நீங்க என்ன பண்ணீங்க?" என்றேன். அழித்தது நான்.

அன்று சாயங்காலம் அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன்.

"சத்தத்தைக் கூட்டுடி."

"கூட்ட முடியாதும்மா."

"ஏன், ஸ்பீக்கர் கெட்டுப்போச்சா?"

சொன்னேன். அவள் திட்டவில்லை. "மறுபடி போடு," என்றாள்.

போட்டேன்.

"'போதுமா கண்ணு'ங்கறாரு."

மறுபடி போட்டேன்.

"இல்ல இல்ல. 'பசிக்குது'ங்கறாரு. அந்த மனுஷனுக்கு எப்பவும் அதானே."

ஏழாவது தடவையும் போட்டேன். அவள் எழுந்து போய்க் கெட்டிலில் தண்ணீர் பிடித்து வைத்தாள். ஸ்விட்சைப் போட மறந்துவிட்டாள்.

நான் கொடுத்த படத்தில் அப்பா நிமிர்ந்து பார்ப்பதோடு காட்சி முடிகிறது. பாட்டுக்கு அவ்வளவுதான் தேவை. படத்தோடு ஒரு கட்டுரையும் எழுதித் தர வேண்டும். இதையே மறுபடி செய்தால் எதை மாற்றுவாய் என்பது அதில் கடைசிக் கேள்வி. அந்த இடத்தைக் காலியாக விட்டேன். அதற்கு மதிப்பெண் குறைந்தது.

பல வருஷம் கழித்து, உதட்டைப் பார்த்துப் பேச்சைப் படிக்கத் தெரிந்த, காது கேளாத ஒரு பெண்ணிடம் அதைக் காட்டினேன். நான்கைந்து தடவை பொறுமையாகப் பார்த்தாள். கோட்டுக் காலர் காற்றில் எழும்பி வாயை மறைக்கிறது என்றாள். தெரியாததைத் தெரியும் என்று சொல்ல அவளுக்கு மனமில்லை. நான் அவளுக்கு நன்றி சொன்னேன்.

அந்தக் காட்சி இன்னும் என்னிடம் இருக்கிறது. அப்பா நான்கு விநாடி பேசுகிறார்.