ஆளுநருக்கு யார் விடுமுறை கொடுப்பது?

1

இந்தக் கதை ஓர் ஏணியின் மேல் தொடங்கியது. ஜெர்மனியில், வால்டோர்ஃபுக்குப் பக்கத்தில் ஒரு சிறு நகரம். அதன் நகரசபைக் கட்டடத்துக்கு நான் பராமரிப்பாளன். படிக்கட்டுச் சுவரில் தொங்கிய ஒரு தாடிக்காரரின் படத்தைத் துடைக்க ஏறினேன். கீழே பித்தளைத் தகட்டில் நாலு வரி. இங்கே பிறந்தார். அரசுக்கு எதிரான 1849 கிளர்ச்சியில் துவக்கெடுத்தார். தப்பியோடினார். அமெரிக்காவில் ஒரு மாநிலத்தின் ஆளுநரானார்.

திரும்பி வந்தாரா? தகடு சொல்லவில்லை. எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

(பெயரை லோரென்ஸ் என்று மாற்றிவிட்டேன். மாநிலத்தையும் சொல்லப்போவதில்லை. தேடி மினக்கெடாதீர்கள்.)

2

முதல் தொடக்கம்: "கொட்டும் மழையில், வைக்கோல் வண்டிக்குள் ஒளிந்து லோரென்ஸ் எல்லையை..."

வேண்டாம். கதைகளில் எல்லோரும் மழையில்தான் தப்புகிறார்கள். நான் மன்னாரிலிருந்து தப்பியது நல்ல வெயிலில்.

இரண்டாம் தொடக்கம்: "பீப்பாய் செய்தார், பத்திரிகை நடத்தினார், சட்டம் படித்தார், இரண்டு தடவை ஆளுநரானார்..."

இது தகட்டில் எழுதுகிற மாதிரிக் கதை. ஆனாலும் ஒன்றை விட மனமில்லை. வெளிநாட்டில் பிறந்தவர்களின் வாக்குரிமையைப் பறிக்க ஒரு மசோதா வந்தது. அவர் கையெழுத்துப் போட மறுத்தார். அவருடைய ஆங்கிலத்தைக் கேட்டுச் சபை சிரித்ததாம். சிரிக்கட்டும் என்று பேசி முடித்தாராம். அந்த இடத்தில் எனக்கு ஆளைப் பிடித்துப்போனது.

3

ஊரில் அவருக்கு ஒரு அக்கா, மார்கரெத்தா. 1862இல் கிளர்ச்சிக்காரர்களுக்குப் பொதுமன்னிப்பு வந்தது. இனி வரலாம். அதன் பிறகு பத்து வருடம் உயிரோடிருந்தும் அவர் வரவில்லை. ஏன் என்று சொல்ல ஒரு கடிதமும் கிடைக்கவில்லை. ஆகவே அவர் அக்காவுக்கு எழுதுவதுபோல ஏழு கடிதங்களை நானே எழுதினேன்.

"அன்பு அக்கா, இந்த வருடம் விடுமுறை தரமாட்டார்களாம்."

"அன்பு அக்கா, முழங்கால் வலி. அவ்வளவு தூரம் உட்கார்ந்து வர முடியாது."

"அன்பு அக்கா, பிள்ளையின் பள்ளிச் சோதனை முடியட்டும்."

என் மனைவி கொறற்றி உடுப்பு மடிப்பதை நிறுத்திவிட்டு வாசித்தாள்.

"இஞ்சருங்கோ, இவர் ஆர்?"

"ஆளுநர். மாநிலத்துக்கே பெரிய ஆள்."

"அப்ப அவருக்கு ஆர் லீவு குடுக்கிறது?"

அவள் கடிதங்களை ஒவ்வொன்றாக என் முன்னால் வைத்தாள்.

"முழங்கால் போன வருசம் சொன்னது. சோதனை அதுக்கு முதல். எங்கட மகள் பிறின்சி படிச்சு முடிச்சு வேலைக்கும் போயிட்டாள். இது ஏழும் நீங்கள் வெரோனிக்கா மச்சாளுக்குச் சொன்னதுதானே?"

4

(இது அடிக்குறிப்பாக இருக்க வேண்டியது. கதையை விடப் பெரிதாகிவிட்டது.)

வெரோனிக்கா என் அக்கா. மன்னாரில் தனியாக இருக்கிறாள். 2001இல் அம்மா இறந்தபோது என் அகதி வழக்கு முடியவில்லை, போக முடியாது. அக்காவே நின்று அடக்கம் செய்தாள். 2009இல் எனக்கு ஜெர்மன் கடவுச்சீட்டு கிடைத்தது. அதன் பிறகு என்னைத் தடுத்தவர் எவருமில்லை. வெட்கம்தான். அவள் முகத்தை எப்படிப் பார்ப்பது?

கத்தோலிக்கரான எங்களுக்கு ஒவ்வொரு நவம்பர் இரண்டும் இறந்தவர்களுக்கான நாள். அதற்கு முன் சேமக்காலையில் எல்லோரும் தங்கள் கல்லறைகளுக்கு வெள்ளையடிப்பார்கள். அக்கா தொலைபேசியில் சொல்வாள்:

"அம்மாவின்ர கல்லறைக்கு மூண்டு பக்கமும் அடிச்சிட்டன் தம்பி. தலைமாட்டுப் பக்கம் உனக்கெண்டு விட்டிருக்கிறன். பாசி பிடிச்சுப் போய்க் கிடக்கு. கேக்கிற ஆக்களுக்குச் சுண்ணாம்பு முடிஞ்சுபோச்செண்டு சொல்லுறன்."

எனக்காக அவளும் சாட்டுச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

போன ஞாயிறு சொன்னாள்: "இந்த முறை குனிய ஏலாது தம்பி. ஒரு பக்கமும் அடிக்கேல்ல."

5

முடிவு ஒன்று: பாண்டு வாத்தியத்தோடு ஆளுநர் வந்து இறங்குகிறார். மார்கரெத்தா கூட்டத்தை இடித்துக்கொண்டு... (சீனி கூடிவிட்டது.)

முடிவு இரண்டு: மார்கரெத்தா இறந்த செய்தி ஆளுநர் மாளிகைக்கு...

இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன்.

முடிவு மூன்று, எட்டாவது கடிதம்: "அக்கா, விடுமுறையை ஒருவரும் மறுக்கவில்லை. உன் முகத்தைப் பார்க்கத்தான் பயம். பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை."

இதை இன்று அக்காவுக்குத் தொலைபேசியில் வாசித்தேன்.

"ஆரடா அந்த ஆளுநர்?"

"ஒரு கதை, அக்கா."

"கடைசியில வந்தவரோ?"

"இன்னும் எழுதேல்ல."



"வரச்சொல்லி எழுது தம்பி. அந்த அக்காவுக்கு வயசு போகுது."

6

நவம்பர் இரண்டுக்கு இன்னும் பதினெட்டு நாள். கொறற்றி விடுமுறை விண்ணப்பத்தை மேசையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். என் பெயரை எழுதிவிட்டேன். அடுத்தது திகதி.

அதனால் ஆளுநரோடு இருக்க எனக்கு இனி நேரமில்லை. எட்டாவது கடிதம் அவருடைய கையில் இருக்கிறது, உறையை இன்னும் ஒட்டவில்லை. மிச்சத்தை நீங்கள் எழுதுங்கள். எப்படி வேண்டுமானாலும் எழுதுங்கள், ஆனால் வரச்சொல்லி எழுதுங்கள். அந்த அக்காவுக்கு வயது போகிறது.