பித்தளைப் பட்டை

என் கணவர் ஹெட்லி, இங்கிலாந்தில் எங்கள் ஊர் கன்சர்வேட்டிவ் கட்சிக் கிளப்புக்கு முப்பத்தோரு ஆண்டுகள் செயலாளராக இருந்தார். அந்த முப்பத்தோரு ஆண்டுகளும் நான் கிளப் சமையலறையின் சிறு சன்னல் வழியாக சாண்ட்விச் தட்டுகளை நீட்டிக்கொண்டிருந்தேன். பெரிய அறையின் வாசலில் தரையோடு ஒரு பித்தளைப் பட்டை பதித்திருக்கும். பெண்கள் அதைத் தாண்டக் கூடாது.

உள்ளே சுவர் முழுக்கத் தலைவர்களின் படங்கள். பழைய பிரதமர் பீலின் படம் மட்டும் கழிப்பறைக்குப் போகும் நடையில் தொங்கியது. தானிய இறக்குமதி வரியை நீக்கிக் கட்சியை உடைத்தவராம். நூற்று முப்பத்தேழு ஆண்டுகள் ஆகியும் கோபம் தீரவில்லை. போன தேர்தலில் தாங்கள் கொடுத்த வாக்கு மட்டும் அவர்களுக்கு நினைவிருக்காது.

1983 மே மாதம், பொதுத் தேர்தலுக்கு மூன்று வாரம் இருக்கையில் ஹெட்லி இறந்தார். முந்தின நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அடக்கம் முடிஞ்சதும் பெரிய ரூம்ல என் பேருக்கு ஒரு கிளாஸ் குடிங்க. நீயும் உள்ள இருக்கணும், எனிட்," என்றார்.

அவர் கடைசியாகக் கேட்டது அது ஒன்றுதான். கிளப் தலைவர் மேஜர் லத்தமிடம் போய்ச் சொன்னேன்.

"அங்கதான் வைக்கிறோம், அதுல என்ன சந்தேகம்! சாண்ட்விச்சுக்கு வெள்ளரிக்காய் போதும் அம்மணி, மீன் வேணாம்."

"நானும் உள்ள வரணும், மேஜர்."

மீசையைத் தடவினார். "விதி இருக்கே."

"விதிப் புத்தகத்த டைப் அடிச்சதே நான்தான். அதுல அப்படி ஒரு வரியும் இல்ல."

"எழுதாததாலதான் அது உறுதியா நிக்குது. இந்த நாட்டோட அரசியல் சட்டத்த யாரு எழுதி வச்சாங்க?"

"உள்ள ஒரு அம்மா படத்த மாட்டி வச்சிருக்கீங்களே? நாட்டையே ஆளுறாங்க."

"அவங்க தலைவர். தலைவரப் பொம்பளைக் கணக்குல சேக்கறதில்ல. எங்க தாத்தா காலத்துலயும் இப்படித்தான். ஒரு செங்கல்ல உருவினா வீடே விழும், அம்மணி. அப்புறம்... உங்க உறுப்பினர் அட்டை ஹெட்லி பேர்ல குடுத்தது. அவரோட அதுவும் முடிஞ்சுது. வெள்ளிக்கிழமை தட்டோட கொண்டாந்து குடுத்துடுங்க."

அவர்களுடைய தத்துவம் மொத்தமும் இவ்வளவுதான். பெண்களுக்கு ஓட்டுக் கொடுக்கப் போனபோதும் வீடு விழும் என்று அவர்களில் பலர் கத்தினார்கள். விழவில்லை. பிறகு அந்த ஓட்டுகளை வாங்கியே ஆண்டார்கள். இப்போது அதுவும் பழைய மரபாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை, அடக்கம் முடிந்து தேவாலயத்திலிருந்து வந்த பதினேழு பேர் தோல் நாற்காலிகளில் சாய்ந்திருந்தார்கள். நான் தட்டோடு பட்டையைத் தாண்டி உள்ளே போனேன்.

யாரும் தடுக்கவில்லை. பெண் அறைக்குள் வந்தால் கனவான் எழுந்து நிற்க வேண்டும். அவள் உட்காரும்வரை உட்காரக் கூடாது. ஏழு வயதில் அடித்துப் புகட்டிய பாடம். முழங்கால்கள் நெறிபடப் பதினேழு பேரும் எழுந்தார்கள்.

"உட்காருங்க அம்மணி," என்றார் மேஜர்.

"நாற்காலி உறுப்பினருக்குத்தானே? நான்தான் இப்ப ஒண்ணுமில்லையே." அட்டையை வெள்ளரிக்காய் சாண்ட்விச் மேல் வைத்து நீட்டினேன்.

ஷெர்ரி ஒயின் ஊற்றிக்கொண்டு, நாட்டை ஆளும் அம்மாவின் படத்துக்குக் கீழே நின்றேன். "ஹெட்லிக்கு," என்றேன். அவர்களும் கிளாஸை உயர்த்தினார்கள். பிறகு நான் சொட்டுச் சொட்டாகக் குடித்தேன். நாற்பது நிமிடம். ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் சிரில், நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு முனகினார்:

"யாராவது அந்தப் பாழாப்போன விதியத் தூக்குங்கப்பா, கால் போகுது!"

"எதத் தூக்கறது, முட்டாள்? எழுதியே வைக்கலையே!" என்று மேஜர் பல்லைக் கடித்தார்.

வீட்டுக்கு வந்துதான் அழுதேன். ஹெட்லியையும் அவர்களோடு சேர்த்துத்தான் சொல்கிறேன். முப்பத்தோரு ஆண்டுகளில் ஒரு நாள் அவரே அந்த அறையில் என்னை உள்ளே விடச் சொல்லிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. தான் எழுந்து நிற்கத் தேவையில்லாத ஒரு நாளாகப் பார்த்து என்னைப் போகச் சொன்னார்.