வெறும் வயிற்றில் நூற்றைம்பது

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: என் கழுத்திலிருந்து. தைராய்டை முழுசாக எடுத்துவிட்டார்கள். கதையில் எனக்கு எலிதா என்று பெயர். கணவர் கேட்டால் மறுக்க வசதியாக இருக்கும். அவருக்கு வில்மார் என்று வைத்திருக்கிறேன்.

தொடக்கம்: "பைசாண்டு நகரில் கடுங்குளிர் அடித்த அந்த வருடம்..."

பொய். குளிர் எனக்கு மட்டும்தான். எங்கள் பக்கம் ஜனவரிதான் கோடை; அந்த வெயிலுக்கு ஊரே ஆற்றில் கிடந்தது. நான் கம்பளிக் காலுறையோடு இருந்தேன்.

2

எடுத்த தைராய்டுக்குப் பதிலாகக் காலையில் மாத்திரை, ஆறு வாரத்தில் ரத்தப் பரிசோதனை, போதாவிட்டால் கூட்டுவது. நூறு மைக்ரோகிராம், நூற்றுப் பன்னிரண்டு, நூற்றிருபத்தைந்து. எலிதா தான் வேலை பார்க்கும் பள்ளிச் சமையலறையில் மறதியாக ஒரே சூப்புக்கு இரண்டு முறை உப்புப் போட்டாள். [மூன்று முறை. மானம் கருதிக் குறைத்தேன்.]

"வெறும் வயித்துலதானே போடுறீங்க?" என்றார் டாக்டர் பெத்தான்கோர்.

"சத்தியமா. ஒரு பிஸ்கட் கூடத் தொடுறதில்ல."

நூற்று முப்பத்தேழு.

3

[இந்த டாக்டர் பாத்திரம் நம்பும்படி இல்லை என்று தோன்றுகிறது. ஆனால் அந்த அம்மாள் அப்படித்தான்: அக்குளில் வெந்நீர்க் குடுவை, கையில் மாத்தே என்கிற கசப்பு இலைத் தேநீர் நிரம்பிய சுரைக்குடுக்கை.] அடுத்த முறை அந்தக் கசப்பை உறிஞ்சிக்கொண்டே என் சீட்டைப் படித்தவர், சட்டென்று நிறுத்தினார்.

"காலையில மாத்தே எப்பக் குடிப்பீங்க?"

"மாத்திரையோடதான். வேற எப்ப?"

"சொல்லவே இல்லையே! அது மருந்தை உடம்புல சேரவிடாது."

"நீங்க சாப்பாட்டைத்தானே கேட்டீங்க?"

அவர் தன் குடுக்கையை மேசைக்கடியில் வைத்தார்.

4

வில்மார் கம்பளி ஆலையில் இரவுக் காவல். விடிகாலை ஐந்து மணிக்கு வருவார், ஆறுக்கு எலிதா கிளம்புவாள். இடையில் ஒரு குடுக்கை, ஒரு உறிஞ்சுகுழல், மாறி மாறி. ஆலை நாய்களின் சண்டைகளை அவர் சொல்லுவார். முப்பத்தொரு வருடக் கல்யாணம் அந்த ஒரு மணி நேரத்தில்தான் நடந்தது. மற்றதெல்லாம் துணி துவைப்பது.

மாத்திரை போட்டால் மாத்தே குடிக்க ஒரு மணி நேரம் காத்திருக்கச் சொன்னார்கள். [இரவில் போடலாமே என்பவர்களுக்கு: நான் பத்து மணிக்குச் சாப்பிட்டு அப்படியே சாய்கிறவள்.]

"நீ குடியேன், கிழவா."

"தனியாவா? நான் என்ன அநாதையா, கிழவி?"

வெந்நீர்க் குடுவை மூடியே இருந்தது. நான்கு நாள் நாய்கள் சண்டையே போடவில்லை.

(இதைப் படித்துவிட்டு, "நான் எங்க அப்படிச் சொன்னேன்?" என்கிறார். சொன்னார்.)

5

"சரி, குடிங்க. ஆனா தினமும் ஒரே மாதிரி. அதுக்குத் தக்கபடி நான் கூட்டிடறேன்," என்றார் டாக்டர், நான் போய் இதைச் சொன்னதும். நூற்றைம்பது. ஆறு வாரத்தில் ரத்தத்தில் அளவு சரியாக நின்றது.

6

முடிவு (அ): இங்கேயே நிறுத்தலாம்.

முடிவு (ஆ): எலிதா வாசலில் நின்று கேட்டாள், "மாத்தே நின்னுபோச்சுன்னா?"

"ஒருநாள்னா பரவாயில்ல. ஒரேயடியா நின்னுட்டா வாங்க, குறைக்கணும். இல்லேன்னா நெஞ்சு படபடக்கும்."

வில்மாருக்கு அறுபத்தாறு. போன குளிர்காலம் அவர் இதயக் குழாயில் அடைப்பு எடுத்தார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது.

முடிவு (இ): எலிதா ஒருநாள் தனியாக டாக்டரிடம் போய், அளவைக் குறைக்க வேண்டும் என்று

இதை நான் முடிக்கப்போவதில்லை. மணி ஐந்தாகிறது, தண்ணீர் வைக்க வேண்டும். வேண்டுமானால் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு மட்டும் காட்டாதீர்கள்.