மூட்டையைத் தூக்கிய சனிக்கிழமைகள்

மலையண்ணன் செத்து மூன்றாவது மாதம், ஒரு சனிக்கிழமை மாலை ஐந்தே முக்கால் மணிக்கு, மூட்டை என்று பேர் வாங்கிய மனிதர் தன் வீட்டுக் கூடத்தில் எட்டடி உயரத்துக்குத் தூக்கப்பட்டார். கூடத்தில் அவரைத் தவிர யாரும் இல்லை. படுத்த வாக்கில் மூன்று நொடி அந்தரத்தில் நின்றார், மின்விசிறி ஓடாமல் இருந்தது நல்லதாகப் போயிற்று, பிறகு சாப்பாட்டு மேசைமேல் போடப்பட்டார். மேசைக்கு இரண்டு கால் ஒடிந்தது, அவருக்கு ஒரு விலா எலும்பு விரிசல் விட்டது. அடுப்படியிலிருந்து ஓடிவந்த மனைவி முதலில் மேசையைப் பார்த்தாள், அப்புறம்தான் அவரைப் பார்த்தாள். இதை அவர் வெகுநாள் சொல்லிக் காட்டிக்கொண்டிருந்தார்.

மலையண்ணன் ஏழடி ஓரங்குலம், நூற்றெழுபது கிலோ. மல்யுத்த ரிங்கில் இருபத்திரண்டு வருடம் நின்றவர். அவர் வாசலில் குனிந்து நுழைவதைப் பார்க்கவே அரங்கத்துக்கு வெளியே கூட்டம் சேரும். பல் டாக்டர் அவரைத் தரையில் உட்காரவைத்துத்தான் பல் பிடுங்கினார். அவர் கழித்துப் போட்ட ஒற்றைச் செருப்பில் ஒரு பூனை நாலு குட்டி போட்டு வளர்த்தது. மூட்டை அவருடைய நிரந்தர எதிரி. நடுவர் அசந்த நேரத்தில் கண்ணில் பொடி தூவுவது, கைகொடுக்கிற மாதிரி வந்து காலை வாருவது எல்லாம் மூட்டையின் பொறுப்பு. கடைசியில் மலையண்ணன் அவரைத் தலைக்கு மேல் தூக்கி, அரங்கமே ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி முடித்ததும், மூட்டையை இறக்குவதுபோலத் தொப்பென்று போடுவார். அப்படி அறுநூற்றுப் பதினோரு தடவை தோற்ற பிறகு, மூட்டை ஒரு மெத்தைக் கடையில் விற்பனையாளராகச் சேர்ந்தார். விழுந்து விழுந்து இப்போதாவது விவரம் வந்ததே என்று ஊர் சிரித்தது. மூட்டையும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு மெத்தையைக் கட்டிக் கொடுத்தார்.

அடுத்த சனிக்கிழமையும் அதே நேரத்துக்குத் தூக்கப்பட்டார், அதற்கடுத்த சனிக்கிழமையும். நாலாவது தடவை விழுந்து எழுந்தபோது தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. வெளியே ஒரு துளி மழை இல்லை. காரணத்தைக் கண்டுபிடித்தது மனைவிதான். தெருமுனை சலூன்காரர் மலையண்ணன் ரசிகர் மன்றத்தின் தலைவர். சனிக்கிழமை மாலை கடையைச் சாத்திவிட்டு மாடியறையில் மன்றத்தைக் கூட்டுவார். பதினாலு பேர் உட்கார்ந்து பழைய சண்டைகளை ஒன்று விடாமல் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார்கள்.

"போன வாரம் எதைப் பேசினாங்கன்னு சலூன்காரர் சம்சாரத்துக்கிட்ட கேட்டேன்," என்றாள் மனைவி. "கூரை ஒழுகி ரிங்கெல்லாம் தண்ணி நின்னுச்சாமே, அந்தச் சண்டையாம். அவங்க அங்க வாயால தூக்கறாங்க, நீங்க இங்க விழறீங்க."

டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, விலா ஆறிவிடும், இன்னும் இரண்டு மூன்று தடவை இப்படி விழுந்தால் கழுத்து போய்விடும் என்றார். மூட்டை கடையில் சொல்லி மூன்று மெத்தை வாங்கிவந்து கூடத்தில் அடுக்கினார். பிரயோஜனமில்லை, எங்கே மெத்தை இல்லையோ அங்கேதான் போடப்பட்டார். தூக்கப்படுவதற்குச் சற்று முன்னால் கூடத்தில் வலித் தைலம் நெடியடிக்கும். வாசல் நிலைக்கு மேல் சுவரில் ஏதோ உரசும். விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே அறை பாதி இருட்டாகும். மூட்டைக்கு அந்த நெடி தெரியும், அந்த நிழலும் தெரியும். ஆனால் வந்தது அண்ணன் இல்லை என்பதும் தெரிந்தது. எலும்பு வலியைவிட அதுதான் அவரை உள்ளுக்குள் அரித்தது.

ஏனென்றால் ரிங்கில் நடந்தது வேறு. தூக்கும் முன் மலையண்ணன் அவர் மணிக்கட்டை இரண்டு தடவை அழுத்துவார், மூச்சை விடு என்று அர்த்தம். கீழே வரும்போது அண்ணனுடைய இடது கை பிடரிக்கு அடியில் வந்துவிடும், கைக்குழந்தைக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்போது தாய் பிடிப்பாளே, அப்படி. மொத்தப் பாரத்தையும் அண்ணன் தன் முட்டியில் வாங்கிக்கொள்வார். நாற்பது வயதுக்குள் அந்த முட்டி தேய்ந்து அவர் நொண்ட ஆரம்பித்தபோது, மூட்டை உதைத்துதான் அப்படி ஆயிற்று என்று ரசிகர்கள் முடிவுகட்டி, பஸ் நிலையத்தில் மூட்டைமேல் கல்லெறிந்தார்கள். மூட்டை வாய் திறக்கவில்லை. எதிரிகள் ஒரே வண்டியில் போகக்கூடாது, ஓரிடத்தில் சாப்பிடக்கூடாது, உள்விஷயத்தைக் கட்டின மனைவியிடம்கூடச் சொல்லக்கூடாது என்பது அந்தத் தொழிலின் சட்டம். மலையண்ணனை எடுத்துக்கொண்டு போன அன்றுகூட அவர் கிட்டே போகவில்லை, எதிர்ப் பக்க நடைபாதையில் நின்றார். யாரோ அடையாளம் கண்டு கத்தினார்கள். பழக்கதோஷம், முஷ்டியை உயர்த்தி ஆட்டிவிட்டார்.

"அழ வேண்டிய இடத்துல முஷ்டியை ஆட்டிட்டு வந்தேன்," என்று மனைவியிடம் சொன்னார். முதல்முறையாக எல்லாவற்றையும் சொன்னார்.

"அந்தக் கையைப் பத்தி அவங்களுக்குத் தெரியாதுல்ல," என்றாள் அவள். "அப்புறம் எப்படி அது வரும்? போய்ச் சொல்லுங்க."

சட்டத்தை மீறினால் அண்ணனைக் காட்டிக்கொடுத்த மாதிரி, மீறாவிட்டால் கழுத்து. அந்த வெள்ளிக்கிழமை முழுக்க மூட்டை யாருக்கும் ஒரு தலையணைகூட விற்கவில்லை. சனிக்கிழமை ஐந்தரைக்கு சலூன் மாடிப்படி ஏறினார். "டேய், மூட்டை வந்துட்டான்டா!" என்று ஒருவர் கத்த, பதினாலு பேரும் பழையபடி ஊளையிட்டார்கள். ஊளையிட்டு முடித்ததும் மரியாதையாக நாற்காலி போட்டார்கள். அவர் உட்காராமலே சொன்னார். மணிக்கட்டு, பிடரி, முட்டி, எல்லாம் சொன்னார்.

"அப்ப நாங்க பாத்ததெல்லாம் பொய்யா?" என்றார் சலூன்காரர்.

"தூக்கினது நிஜம். நூத்திப்பத்து கிலோ இருந்தேன், பொய்யா எப்படித் தூக்கறது? போட்டதுதான் பொய். அவர் என்னை ஒரு தடவைகூடப் போட்டதில்லைங்க. இறக்கித்தான் வெச்சாரு."

சலூன்காரர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். "நீ வந்திருக்கக் கூடாதுப்பா," என்றார். "எங்ககிட்ட மிச்சம் இருந்தது அது ஒண்ணுதான்."

மன்றம் அதன்பின் கூடவில்லை. மாடியறையைப் பூட்டிவிட்டார்கள். ஆறு சனிக்கிழமை மூட்டை தரையிலேயே இருந்தார். விலா ஆறியது, டாக்டருக்குத் திருப்தி, வீட்டுக்குப் புது மேசை வந்தது. மூட்டை மட்டும் சனிக்கிழமை தோறும் சட்டை மாற்றிக்கொண்டு, கூடத்தில் நாற்காலிகளை ஓரம் தள்ளிவிட்டு, ஐந்தே முக்காலிலிருந்து நடுவில் நின்றார். தைல நெடி வரவில்லை. ஏழு மணி வாக்கில் உட்கார்ந்துவிடுவார். "அண்ணன் வராட்டியும் அவர் பலமாவது வந்துக்கிட்டிருந்துச்சு. அதையும் நானே விரட்டிட்டேன்," என்றார் ஒருநாள்.

ஏழாவது வாரம், புதன்கிழமை காலை, சலூன்காரர் ஒருவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தார். தாடைக்குக் கீழே வழிக்க அவருடைய தலையைச் சாய்த்து, பிடரியில் இடது கையைக் கொடுத்தார். கொடுத்த கை அப்படியே நின்றது. கூரை ஒழுகிய அந்தச் சண்டையில் அவர் முதல் வரிசை. மலையண்ணனின் கை மூட்டையின் பிடரிக்கு அடியில் விரிந்திருந்ததை அன்றே பார்த்திருக்கிறார். கழுத்தை நெரிக்கிறார் என்று நினைத்து, "விடாதே, நெரி!" என்று தொண்டை கிழியக் கத்தியிருக்கிறார். பாதி சவரத்தோடு வாடிக்கையாளரை உட்காரவைத்துவிட்டு, மன்றத்தாரை ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்தார். கண்டக்டர் மணிக்கட்டு அழுத்தலைப் பார்த்திருந்தார். தபால்காரர் முட்டி தரையில் இறங்குவதைப் பார்த்திருந்தார். எல்லோரும் எதையாவது பார்த்திருந்தார்கள், யாருக்கும் அது அன்று தேவைப்படவில்லை.

அந்தச் சனிக்கிழமை மாடியறையைத் திறந்து மன்றம் மறுபடி கூடியது. ஐந்தே முக்காலுக்கு மூட்டையின் மணிக்கட்டு இரண்டு தடவை அழுத்தப்பட்டது. அவர் மூச்சை விட்டார். எட்டடி போனார், மூன்று நொடி நின்றார், கீழே வந்தபோது பிடரிக்கு அடியில் கை இருந்தது. பக்கத்தில் தரையில் ஒரு முட்டி இறங்கி, எலும்பு சொடுக்கிடுவதைக் கேட்டார். கை உடனே போகவில்லை. மூட்டை அதில் தலை வைத்தபடியே, தெருவுக்குக் கேட்கும்படி ஓவென்று அழுதார்.

அதற்குப் பிறகு எட்டு வருடமாகச் சனிக்கிழமை தவறவில்லை. வாடகை வாங்க வரும் வீட்டுக்காரர் ஆட்சேபிக்கவில்லை, விசிறியை மட்டும் நிறுத்திவிடச் சொன்னார். மன்றத்தில் இப்போது ஒன்பது பேர்தான், உயரம் குறையவில்லை. போன மாதம் மூட்டை காய்ச்சலில் படுத்தார். ஐந்தே முக்காலுக்கு நெடி வந்ததும், வாழ்க்கையில் ஒரு சண்டைகூடப் பார்க்காத மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்து, கட்டிலருகில், ஒரு நெட்டை மனிதரின் முகம் இருக்கக்கூடிய உயரத்தைப் பார்த்து, "அண்ணே, இவருக்கு நேத்துலேருந்து காய்ச்சல். இன்னைக்குக் கொஞ்சம் பாத்து," என்றாள். அன்று மூட்டை கட்டிலுக்கு மேலே இரண்டு சாண்தான் தூக்கப்பட்டார். மூன்று நொடிக்குப் பதில் சற்று நேரம் கூடவே அங்கே இருந்தார். அதற்குள் அவள் விரிப்பை மாற்றிவிட்டாள்.